காணி எடுத்தவர்களின் கதை

அவுஸ்திரேலியாவின் ஆரம்பகாலக் குடியேறிகளைப் பற்றிய வரலாற்று நாவல்களுக்கு இங்கு குறைவில்லை. காடு வெட்டியவன், வெள்ளத்தில் பயிரை இழந்தவன், பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாளே மண்வெட்டியைத் தூக்கியவன் என்று அவர்கள் நமக்கு அறிமுகமாகிறார்கள். வாசிக்கையில் அவர்கள்மேல் இரக்கம் வருகிறது. அகதிகளாகிய நமக்கு அது சற்று அதிகமாகவே வருகிறது. ஆனால் பறிக்கப்பட்ட நிலத்தில் உழைத்தவனின் துயரத்துக்கு இரங்குவது சரிதானா?

கேற் கிரென்வில் 2005இல் வெளியிட்ட 'த சீக்ரெட் ரிவர்' நாவல் இக்கேள்வியிலிருந்தே பிறந்தது. அவருடைய மூதாதை சொலமன் வைஸ்மன் தேம்ஸ் நதியில் படகு ஓட்டியவர். 1805இல் மரம் திருடியதற்காக மரணதண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, 1806இல் சிட்னி வந்து சேர்ந்தார். பின்னர் ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலமும் செல்வாக்கும் தேடிக்கொண்டார். அவ்விடம் இன்றும் வைஸ்மன்ஸ் ஃபெரி என்றே அழைக்கப்படுகிறது.

2000 மே 28ஆம் திகதி சிட்னித் துறைமுகப் பாலத்தின் மீது நடந்த நல்லிணக்க நடைபயணத்தில் கிரென்விலும் கலந்துகொண்டார். அங்கே ஒரு பூர்வகுடிப் பெண்ணின் பார்வையை அவர் எதிர்கொண்டார். இவளுடைய முன்னோரை என் முன்னோர் சந்தித்திருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஆவணக் காப்பகங்களில் தேடினார். வழக்கு விபரம் இருந்தது, காணிப் பத்திரம் இருந்தது. வைஸ்மனுக்கும் அந்த ஆற்றங்கரையின் டாருக் மக்களுக்கும் இடையில் நடந்ததைச் சொல்லும் கடதாசி மட்டும் இருக்கவில்லை. வரலாறாக எழுதத் தொடங்கியது இவ்வாறுதான் நாவலாயிற்று. வைஸ்மன் வில்லியம் தோர்ன்ஹில் ஆனான்.

அவருடைய குடும்பக் கதையில் வைஸ்மன் நிலத்தை 'எடுத்தார்' என்றே சொல்லப்பட்டு வந்தது. யாரிடமிருந்து எடுத்தார் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. அதை வாசித்தபோது நாம் சற்றுத் திடுக்கிட்டோம். ஏனெனில் அது நம்முடைய சொல்லும்கூட.

நம்மோடு குசினியில் வேலை செய்யும் வன்னி அண்ணை ஒருவர் அடிக்கடி சொல்வார்: "அப்பர் கிளிநொச்சியில காணி எடுத்தவர், தம்பி. அப்ப அது முழுக்கக் காடு. நுளம்பும் ஆனையும்தான்." ஒருநாள், "காடு வெட்டினது ஆர் அண்ணை?" என்று கேட்டோம். "மலைநாட்டு ஆக்கள் கூலிக்கு வந்து வெட்டினவை." "அவைக்குக் காணி கிடைச்சதோ?" அண்ணை பதில் சொல்லாமல் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் நிலமற்றிருந்தவர்களுக்காகக் கிளிநொச்சியில் 1930களில் தொடங்கிய குடியேற்றத்தை நாம் உழைப்பின் வரலாறாகவே நினைவுகூருகிறோம். அது பொய்யல்ல. ஆனால் அந்த மண்ணைப் பண்படுத்திய மலையகத் தமிழர் பலர் இரண்டு தலைமுறை கழிந்தும் காணியுறுதி இல்லாமலே வாழ்ந்தார்கள். நம் முன்னோடிக் கதைகளில் அவர்களுக்கு எத்தனை பக்கம்?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. 1977 வன்செயலில் துரத்தப்பட்ட மலையகத் தமிழர் சிலர் வன்னியின் எல்லையிலிருந்த கென்ற் பாம், டொலர் பாம் பண்ணைகளில் குடியமர்ந்தனர். 1984இல் படையினர் அவர்களை வெளியேற்ற, சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு அங்கே குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கினர். கொல்லப்பட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். டிசம்பர் தொடக்கத்தில் ஒதியமலையில் தமிழ்க் கிராமத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்கள் வெறுமையாகின. அ. பாலமனோகரன் 1973இல் 'நிலக்கிளி' நாவலில் எழுதிய தண்ணிமுறிப்பும் அவற்றில் ஒன்று.

மரம் திருடிய லண்டன் கைதிக்காக மனம் இளகுகிற நாம், கென்ற் பாமுக்குக் கொண்டுவரப்பட்ட கைதியின் மனைவியை ஒரு நாவலில் மனுஷியாக எழுதுவோமா? எழுதினால் நம் இழப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். கிரென்விலின் நாவல் இதற்கு ஒரு பதில் தருகிறது. தோர்ன்ஹில்லின் பசியை அது மறைக்கவில்லை, அவன் கையில் படிந்த இரத்தத்தையும் மறைக்கவில்லை. கடைசியில் பெரிய வீட்டில் செல்வந்தனாக இருந்து, தொலைநோக்கியால் மலைகளைப் பார்த்தபடி இருக்கிறான். இரக்கம் மன்னிப்பு அல்ல. வறுமையைக் காணியுறுதியாகக் காட்டும் கதைதான் பொய்க்கதை.

ஆயினும் வரலாற்றாசிரியர் இங்கா கிளெண்டினன் 2006இல் எழுப்பிய ஆட்சேபனையைத் தள்ளிவிட முடியாது. இறந்தவரின் மனதுக்குள் நம் அனுதாபத்தை மட்டும் நம்பி நுழைந்தால், அங்கே நம்மையே கண்டுவிட்டு அவரைக் கண்டதாக எண்ணிக்கொள்வோம். கிரென்விலும் பூர்வகுடிகளின் மனதுக்குள் புகாமல், அவர்களைத் தோர்ன்ஹில்லின் கண்ணால் மட்டுமே காட்டினார். மறுகரையிலிருந்து எழுத நூங்கார் எழுத்தாளர் கிம் ஸ்கொட் போன்றோர் வேண்டியிருந்தது. அவருடைய 'தற் டெட்மன் டான்ஸ்' 2010இல் வெளிவந்தது.

நமக்கு ஒரு வசதி உண்டு. கிரென்வில் தேடியபோது சாட்சிகள் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. நம்முடைய சாட்சிகளில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். காடு வெட்டிய மலையகத் தாத்தாவிடம் கேட்கலாம். ஒதியமலையின் விதவையிடம் கேட்கலாம். கென்ற் பாமில் தப்பிய பிள்ளை இன்று நடுத்தர வயதைக் கடந்திருக்கும், அவரிடமும் கேட்கலாம். கேட்காமல் எழுதினால் அதைக் கற்பனை என்று சொல்லித் தப்ப முடியாது. அது கேட்கப் பயந்ததன் அடையாளம்.

சென்ற கிழமை வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருந்தபோது, அண்ணை தானாகவே சொன்னார்: "காடு வெட்டினவரின்ர பேர் ராமையா. அப்பர் செத்தபோது பாடை தூக்கினவர். அவருக்கு என்ன நடந்ததெண்டு நாங்கள் விசாரிக்கேல்ல." அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நாவல் எழுத நினைப்பவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.