ராதை எங்கே?

கர்ணன் கதையைச் சிறுவர்க்குச் சொல்லும்போது நாம் செஞ்சோற்றுக் கடனையே பெரிதாகப் பேசுகிறோம். 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்திற்குப் பின் அவ்வழக்கம் இன்னும் வேரூன்றிவிட்டது.

வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்திலோ, கண்ணன் பிறப்பை எடுத்துக்கூறிப் பாண்டவர்பால் அழைக்கையில், துரியோதனன் நட்புக்கும் முன்னதாகக் கர்ணன் சொல்வது வளர்த்த தாயைப் பற்றியே. தன்னைக் கண்ட அன்பினால் ராதைக்குப் பால் சுரந்ததையும், தன் மலசலத்தை அவள் முகஞ்சுளிக்காது ஏற்றதையும் நினைவுகூர்ந்து, அத்தகையவளுக்குப் பிண்டமிட எவ்வாறு மறுப்பேன் என்கிறான். அதிரதன் பெயர் சூட்டுவித்ததும், மணம் முடித்துவைத்ததும் அதன்பின் வருகின்றன.

மறைந்த என் தம்பியின் மகள் எங்களிடம் வளர்கிறாள். வீட்டுக் குழந்தைகளுக்கு இக்கதையை நானும் வழக்கப்படியே சொன்னேன். குந்தி 'மகனே' என்றழைத்த இடத்தில் அவள் குறுக்கிட்டாள்: "பெரியப்பா, அப்போது ராதை எங்கே?"

அலுவலகக் கோப்பில் ஒரு தாள் விடுபட்டால் பதறுகிறவன் நான். இங்கே ஒரு தாயையே விட்டிருந்தேன். வளர்ப்புக் குழந்தை கேட்டிருக்கும் கதையில் ராதையை விடுவது, 'உன் இருப்பிடம் இங்கே தற்காலிகமே' என்று சொல்லாமற் சொல்வதன்றோ? இதை நாம் அறியாமலே செய்கிறோம் என்பது சமாதானமாகாது.

மறுநாள் கதையை அதிரதன் வீட்டு வாசலிலிருந்து தொடங்கினேன். அவள் என் மனைவியின் மடியில் படுத்தபடி கேட்டாள்.