மண்ணும் நாளும் சுற்றமும்: கப்பலில் திருவிழா நிகழுமா?

திருவிழா ஓர் இடத்திற்கு உரியதா, கூடும் மக்களுக்கு உரியதா என்ற வினா சமயச் சிந்தனையில் பழமையானது. பண்டிகையையும் விடுமுறையையும் ஒன்றாக்கி, குடும்பம் முழுவதையும் உல்லாசக் கப்பலில் ஏற்றிச் செல்லும் வழக்கம் பரவிவரும் இக்காலத்தில் அவ்வினா புதிய கூர்மை பெறுகிறது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பலின் சுற்றுலாப் பயணம் தொடங்கிவைக்கப்பட்டபின், சிங்கப்பூர் வரை சென்று கப்பலேற வேண்டிய தேவையும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைந்தது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சீமையிலிருந்து பிழைப்பு தேடிப் பல திசைகளுக்கும் பிரிந்துபோன ஒரு குடும்பம், பாட்டன் முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரு கப்பலில் கூடிப் பண்டிகை கொண்டாடுமாயின், அதனைத் திருவிழா எனக் கொள்ளலாமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

தமிழ் மரபு இதற்குத் தரும் முதல் அளவுகோல் தொல்காப்பியத்தில் உள்ளது. பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவ்விரண்டின் சேர்க்கையில் தோன்றுவனவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்து, கருப்பொருள் வரிசையில் தெய்வத்தையே முன்னால் நிறுத்துகிறது. நிலமும் பொழுதும் அமைந்த பின்னரே தெய்வம் பேசப்படுகிறது என்பது இதன் உட்கிடை. கடலும் இவ்வமைப்புக்குப் புறம்பானதன்று. நெய்தல் நிலத்துக்கு வருணன் தெய்வமாகிறான். ஆனால் நெய்தல் என்பது கரையில் குடியிருந்து கடலில் தொழில் செய்வோரின் நிலமேயன்றி, கடலைக் கடந்து செல்வோரின் வழியன்று. மகளிரோடு கடற்பயணம் மேற்கொள்ளும் வழக்கம் இல்லை என்றே அந்நூல் விதிக்கிறது. வடமொழி மரபில் சடங்கின் தொடக்கமாகிய சங்கற்பமும், அதாவது செய்யப்போகும் வழிபாட்டை உறுதிமொழியாக அறிவித்தலும், வழிபடுவோர் நிற்கும் இடத்தையும் ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம் ஆகியவற்றையும் பெயர் சொல்லியே தொடங்குகிறது.

இவ்வளவுகோல் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதைக் கரிசல் காட்டின் குலதெய்வ வழிபாடு காட்டுகிறது. பங்குனி உத்திரத்தன்று தென்மாவட்டங்களின் குடும்பங்கள் தத்தம் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலை நோக்கிச் செல்கின்றன. கண்மாய்க் கரையிலோ உடைமரங்களுக்கு நடுவிலோ வெறும் பீடமாக நிற்கும் தெய்வத்தின் முன், ஆண்டு முழுவதும் ஒருவரையொருவர் காணாத பங்காளிகள், அதாவது தந்தைவழியில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுவோர், அன்று ஒன்றுகூடுகின்றனர். அறுவடை முடிந்து வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண்ணில் மூன்று கல்லைக் கூட்டி, பருத்திமாரும் சுள்ளியும் எரித்துப் பானை ஏற்றுகின்றனர்; தண்ணீரும் குடங்களில் கொண்டுவரப்பட்டதாகவே இருக்கும். பால் பொங்கி வழியும்போது பெண்கள் குலவையிடுகின்றனர். குழந்தைக்கு முடியிறக்கி, தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துகின்றனர். செலவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது மணமான ஆண்மகனின் குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்னும் பங்கு, வசதியுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவாக விதிக்கப்படுகிறது.

இவ்வரியில்தான் திருவிழாவின் தத்துவம் அடங்கியுள்ளது. அங்கே கூடுவோர் அழைப்பின் பேரிலோ விருப்பத்தின் பேரிலோ வருபவர்கள் அல்லர், கடன்பட்டவர்களாக வருகின்றனர். முன்னோர் வாழ்ந்த மண்ணுக்கும், அம்மண்ணில் இறந்தோருக்கும், ஊரை விட்டு நீங்காமல் விளக்கேற்றி வருவோருக்கும் செலுத்தப்பட வேண்டிய கடன் அது. விழா தவறினால் ஊர் தவறும் என்ற எண்ணம் தமிழில் மிகப் பழையது. 28 நாள் நடைபெற்றுவந்த இந்திரவிழாவை, மகனை இழந்த துயரில் சோழ மன்னன் மறந்தமையால் புகார் நகரம் கடல்கொள்ளப்பட்டது என்கிறது மணிமேகலை. விழா என்பது மகிழ்ச்சிக்குரிய வாய்ப்பாக மட்டும் கருதப்பட்டிருந்தால், அதனை மறந்ததற்கு இத்தகைய தண்டனை சொல்லப்பட்டிருக்காது.

இறைவன் எங்கும் நிறைந்தவனாயின் கடலின் நடுவில் அவனை வணங்குவதில் என்ன குறை என்று கேட்கப்படலாம். அது நேர்மையான கேள்வி. உடம்பையே கோயிலாகக் கண்ட திருமூலரும், கல்லைச் சுற்றி வருவதைக் கடிந்த சிவவாக்கியரும் இக்கேள்விக்குத் துணை நிற்பவர்கள் போலத் தோன்றலாம். ஆயின் அவர்கள் புறத்தைத் துறந்தது அகத்தைக் கூர்மையாக்குவதற்காக. வேளைக்கொரு விருந்தும் இரவுதோறும் ஆடல்பாடலும் அமைந்த பயணத்தை அவர்கள் கோயிலுக்கு மாற்றாக முன்வைக்கவில்லை. வழிபாடு எங்கும் இயலும் என்பது உண்மை. வழிபாடு தனிமனிதனாலும் தனிமையிலும் செய்யக்கூடியது. திருவிழாவோ ஓர் ஊரும் ஒரு நாளும் ஒரு கூட்டமும் சேர்ந்து செய்வது. முன்னதற்குப் பொருந்தும் விடை பின்னதற்குப் பொருந்துவதில்லை.

மரபு இடம்பெயர்தலை மறுத்ததும் இல்லை. பூர்வீகக் கோயிலுக்குத் தொலைவான ஊரில் குடியேறியவர்கள், அக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று புதிய ஊரில் வைத்துப் பீடம் எழுப்பும் வழக்கம் பிடிமண் எனப்படுகிறது. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசலைத் திருத்தி ஊராக்கிய மக்களின் வரலாற்றைக் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலில் எழுதினார். குடிபெயர்ந்தோரின் மண் என்பதாலேயே கரிசலுக்கு இவ்வழக்கத்தின் பொருள் நன்கு விளங்கும். கடல் கடந்தவர்களும் இவ்வழியிலேயே சென்றனர். சிங்கப்பூரில் 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றிறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் அங்கே கோயில்களைக் கட்டித் திருவிழா எடுத்தனர். அவர்களுக்குக் கப்பல் வழியாக இருந்தது. குடியேறிய மண்ணே விழாவுக்கு இடமாயிற்று. எனவே குடியேறுவோருடன் திருவிழா செல்லும், கடந்துசெல்வோருடன் அது செல்லாது என்பதே இவ்வழக்கம் உணர்த்தும் விதி. பிடிமண்ணை வைத்துப் பீடம் எழுப்பக் கப்பலில் நிலம் இல்லை. தீப்பாதுகாப்புக் கருதி அறைகளில் ஊதுவத்தியும் தீபமும்கூடத் தடைசெய்யப்படுவதால் அடுப்புக் கூட்டவும் வழியில்லை. பொங்கல் வைப்பவர் குடும்பத்தாராக இல்லாமல், தம் சொந்தப் பண்டிகைக்கு வீடு செல்ல முடியாத கப்பல் பணியாளராகவே இருப்பார்.

இருப்பினும் கப்பலில் கூடும் சுற்றத்தை இகழ்வது அறமாகாது. குலதெய்வ வழிபாட்டில் குறைகள் உண்டு. மணமாகிச் சென்ற மகள் பிறந்த வீட்டுத் தலைக்கட்டில் எண்ணப்படுவதில்லை. கணவன் வீட்டுத் தெய்வமே அவளுக்குரியதாகக் கொள்ளப்படுகிறது. சாதி எல்லையைத் தாண்டிய மணத்தால் விலக்கப்பட்டோரும், மண்ணில் உழைத்தும் பீடத்தருகே நிற்க உரிமை பெறாதோரும் கரிசலில் இருந்திருக்கின்றனர். கப்பலிலோ மகளும் மகனும், மாமனும் மச்சானும், எவ்வழி மருமக்களும் ஒரே மேசையில் அமர்கின்றனர். நடக்க முடியாத முதியவருக்கு ஓய்வும், சமையலறையை விட்டு நீங்காத பெண்களுக்குச் சில நாள் விடுதலையும் கிடைக்கின்றன. இவை உண்மையான நன்மைகள். ஆயினும் பயணச்சீட்டின் விலை அங்கே ஒரு தலைக்கட்டு விதியாகிறது. வாங்க இயன்ற உறவினர் வருகின்றனர்; கரிசல் ஊர்களான இடைசெவலிலோ நாலாட்டின்புதூரிலோ மழையை நம்பி உளுந்தும் கம்பும் விதைத்து வாழும் பங்காளி கரையிலேயே நின்றுவிடுகிறார்.

ஆகவே, கப்பலில் நிகழ்வது சுற்றத்தின் விடுமுறை. அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. திருவிழாவின் இடத்தை அது நிரப்பாது. நேர்ந்துகொண்ட முடியிறக்கலையும் பொங்கலையும் தலைக்கட்டு வரியையும் கடற்பயணத்தால் ஈடுசெய்ய இயலாது. கப்பல் கற்பித்த சமத்துவத்தைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்து, மகளையும் விலக்கப்பட்டோரையும் பீடத்தின் முன் நிறுத்துவதே இரண்டிலும் உள்ள நன்மையைச் சேர்க்கும் வழி. பங்குனி உத்திரத்தன்று ஊருக்குப் போய்க் கடனைச் செலுத்திவிட்டு, விடுமுறையில் விரும்பிய கடலில் குடும்பங்கள் செல்லட்டும். அந்த வரிசை மாறாதிருக்க வேண்டும்.