பாலூட்டாத தாயைப் பழிக்கலாமா?

சிசுவுக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பிறகு வேறு உணவோடு இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இதை அறியாத குடும்பம் இன்று அரிது. ஆகவே பாலூட்டாத தாயைக் கண்டதும், "பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் மனமில்லையா?" என்று கேட்கத் துணிகிறோம். இக்கேள்வி நியாயமானதா?

அமெரிக்க நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே 2015-ல் பிறந்த குழந்தைகளில், வெள்ளையர் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 86 குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கினர். கறுப்பர் குடும்பங்களில் 69 குழந்தைகளுக்கே. வருமானம் குறைந்த வீடுகளிலும் தொகை குறைவுதான். "அந்த இனத்தாரே அப்படி; ஏழைகளுக்கு அறிவு போதாது" என்று சிலர் முடிவுகட்டுவர்.

அது தவறு. மெக்சிக்கோவிலிருந்து அங்கே குடியேறிய தாய்மாரில் பலர் ஏழைகளே. ஆயினும் மிகப் பெரும்பாலோர் பாலூட்டுகின்றனர். அந்நாட்டில் வாழும் ஆண்டுகள் கூடக்கூட அவர்களிடையே அவ்வழக்கம் குறைகிறது. உலகின் ஏழை நாடுகளிலோ, செல்வர் வீட்டைவிட ஏழை வீட்டிலேதான் நெடுநாள் பாலூட்டுகிறார்கள். ஆகவே காரணம் இரத்தத்தில் இல்லை. பணப்பையில் மாத்திரமும் இல்லை.

பின் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தாயைச் சுற்றியுள்ள நிலைமையில். 1993-ம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பிரசவத்துக்கு 12 வார விடுப்புத் தருகிறது. ஆனால் சம்பளம் இல்லை. 50 பேருக்குக் குறைந்த ஆட்களை வைத்திருக்கும் தனியார் முதலாளியை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. சில மாநிலங்கள் மாத்திரமே சம்பளத்தோடு விடுப்புக்கு வழிசெய்துள்ளன. சேமிப்புள்ளவள் வீட்டிலிருந்து பாலூட்டலாம். மணிக்கணக்கில் கூலி பெறுபவள் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பவேண்டும்.

கறுப்பர் இனத் தாய்மாருக்கு வேறொரு சுமையும் உண்டு. அடிமைக் காலத்தில் அவர்களுடைய பாட்டிமாரில் பலர் தம் பிள்ளை பசித்திருக்க, எஜமானின் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். இன்றும் குறை தீரவில்லை. கறுப்பர் மிகுந்த பகுதிகளிலுள்ள ஆஸ்பத்திரிகளில் பாலூட்டத் துணைசெய்யும் முறைகள் குறைவாகவே கைக்கொள்ளப்படுகின்றன என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2014-ல் வெளியிட்டது.

"அப்படியானால் பாலூட்டுவது தாயின் கடமையல்லவா?" என்று கேட்கலாம். கடமைதான். ஆனால் எந்தக் கடமையும் இயன்ற அளவுக்கே ஒருவரைக் கட்டும். நோயினாலோ, உட்கொள்ளும் மருந்தினாலோ பாலூட்ட இயலாதவர்களும் உண்டு. அவர்கள் புட்டிப்பால் கொடுப்பது பாவமல்ல. இயன்றவளுக்கோ அக்கடமையைச் செய்ய ஓய்வும், உணவும், நேரமும் வேண்டும். அவற்றைக் கொடுக்கவேண்டியவர்கள் யார்? முதலாளி, அரசாங்கம், ஆஸ்பத்திரி. எல்லாருக்கும் முன்னே வீட்டிலுள்ள கணவன். இவர்கள் தங்கள் பங்கைச் செய்யாமல், முழுப் பழியையும் அவள் தலையில் சுமத்துவது நீதிக்கு விரோதம்.

ஆகையால், கைக்குழந்தையோடு ஒரு தாய் நம் அண்டையில் இருந்தால், "ஏன் பால் கொடுக்கவில்லை?" என்று கேட்கவேண்டாம். "உனக்கு என்ன உதவி வேண்டும், அம்மா?" என்று கேட்போம். கேட்டபின் அதைச் செய்தும் கொடுப்போம்.