சோதனையில் தேறிய தேன்

தேனில் சர்க்கரைப் பாகைக் கலந்து விற்பது பாவம் என்பதை விளக்க ஒரு கட்டுரை தேவையில்லை. கடையில் தராசு பிடிக்கும் சிறுவனும் அதை அறிவான். நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வினா வேறு. எந்தச் சோதனையிலும் அகப்படாதபடி ஒருவர் கலந்துவிட்டார். ஆய்வுக்கூடமும் 'இது தேன்தான்' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தச் சீட்டு அவருடைய வியாபாரத்தை ஹலாலாக்கி விடுமா?

முதலில் நம் வீடுகளில் நடக்கும் சோதனைகளைப் பார்ப்போம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்க வேண்டும் என்பார்கள். தேனில் தோய்த்த தீக்குச்சி எரிய வேண்டும், மை ஒற்றும் தாளில் ஊறக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது என்றும் சொல்வார்கள். இவற்றில் பல, பொருளில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுபவை. கெட்டியாகக் காய்ச்சிய பாகும் அடியில் இறங்கும். ஈரம் மிகுந்த நல்ல தேன் தோற்றுப் போகும். எறும்போ இரண்டையும் விடாது! தேன் உறைவதும் அப்படித்தான். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் எடுக்கும் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். அது அதன் இயல்பு. அதைக் கண்டு, "சீனி போட்டுவிட்டான்" என்று தேன்காரரைத் தூற்றுவோர் உண்டு. ஆதாரமின்றி ஒரு முஸ்லிமைப் பற்றியோ மற்றவரைப் பற்றியோ கெட்ட எண்ணம் கொள்வதும் கேள்வி கணக்குக்கு உரியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆய்வுக்கூடத்தின் வழி இதைவிட நுட்பமானது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கரியை உட்கொள்ளும் முறை வேறு. தேனீக்கள் நாடும் பெரும்பாலான மலர்ச்செடிகளின் முறை வேறு. ஆகவே கரும்புச் சர்க்கரையில் கனமான கரியணுக்கள் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதை அளந்து கலப்படத்தைப் பிடித்துவிடலாம். இப்படிப்பட்ட சர்க்கரை 7 சதவீதத்துக்கு மேல் காணப்பட்டால் அது தேனாக ஏற்கப்படாது. ஆனால் நெல்லும் பீட்ரூட்டும் மலர்ச்செடிகளின் முறையையே பின்பற்றுபவை. அரிசிப் பாகைக் கலந்தால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். அரிசிப் பாகைப் பிடிக்கத் தனிச் சோதனை வந்தது. அதையும் தாண்டும் பாகு பிறகு வந்தது.

2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தன் ஆய்வை வெளியிட்டது. 13 நிறுவனங்களின் தேன் ஜெர்மனியில் காந்த அதிர்வு முறையில் சோதிக்கப்பட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. நிறுவனங்கள் இதை மறுத்தன. அந்த மையம் நல்ல தேனில் தானே பாதிக்குப் பாதி பாகைக் கலந்து உள்நாட்டு ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தது. அது தேறிவிட்டது! 'எதிலும் தேறும் பாகு' என்றே சந்தையில் அதற்குப் பெயராம். இது நம் நாட்டின் நோய் மட்டுமன்று. ஐரோப்பாவில் இறக்குமதியான 320 மாதிரிகளில் 147 சந்தேகத்துக்கு உரியவை என்று 2023-இல் அறிவித்தார்கள்.

இனி வினாவுக்கு வருவோம். நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நிகழ்ச்சி நாமறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மழை அவர் செய்த குற்றமா? இல்லை. நனைந்ததை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியதுதான் கண்டிக்கப்பட்டது. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றே கேட்கப்பட்டது. ஆக, பாகு ஹராமான பொருளல்ல. "பாகு கலந்தது" என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் மார்க்கம் குறுக்கே நிற்காது. தேன் என்ற பெயரைச் சொன்ன வாய்தான் பதில் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடம் கேட்பது 'என்ன அகப்பட்டது?' என்று, கியாமத்தில் கேட்கப்படுவது 'என்ன சொன்னாய்?' என்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெல்லப் பாகை ஊற்றிய பழைய வியாபாரியாவது, எல்லோரும் செய்கிறார்களே என்று சமாதானம் சொல்லக்கூடும். சோதனையைப் படித்து, அதற்கேற்பப் பாகு காய்ச்சியவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. சீட்டு அவருடைய நிய்யத்துக்கே சாட்சியாகி விடுகிறது. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், "உமர் பார்க்காவிட்டால் என்ன, அல்லாஹ் பார்க்கிறானே" என்ற கருத்தில் பதில் கூறிய பெண்ணின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த வீட்டில் அன்று ஆய்வுக்கூடம் ஏது?

தேனீ வளர்ப்பவரிடம் ஒரு சிக்கலான வினா உண்டு. பூவில்லாத மழைக்காலத்தில் தேனீக்கள் செத்துவிடாதிருக்கச் சர்க்கரைக் கரைசல் வைப்பார்கள். அது வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கடமை. ஆனால் தேன் சேரும் பருவத்திலும் கரைசலை வைத்து, கூட்டில் நிறைந்ததை எடுத்து, "தேனீதானே செய்தது" என்று விற்றால்? வாங்குபவர் மலரின் மதுவை எண்ணியே பணம் தருகிறார். ஷிஃபா என்று இறைமறை கூறியதை நம்பி, நோயாளியின் வாயில் ஊற்ற வாங்குபவரும் அவர்களில் உண்டு. இதுவும் மறைப்புத்தான் என்பதே என் கருத்து.

கடைக்காரரின் நிலை என்ன? முத்திரை வைத்த போத்தலை நம்பி வாங்கி விற்றவர்மீது, அறியாத வரை பழி இல்லை. சந்தேகம் வலுத்த பிறகு விசாரிக்காமல் இருப்பது வேறு. நல்ல தேனின் கொள்முதல் விலைக்கும் கீழே ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். (மலிவு வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாமும் அவரைக் கேட்காமல் இருக்கச் செய்கிறோம்.) கலப்படம் என்று தெளிவானால், பொருளை அனுப்பியவரிடமே திருப்பிவிட ஷரீஅத் உரிமை தருகிறது, ஃபிக்ஹு நூல்கள் இதைக் 'கியாருல் ஐப்' என்கின்றன. கடைக்காரரிடம் வாங்கிச் சென்றவருக்கும் இதே உரிமை உண்டு. எனவே முகம் நினைவிருப்பவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்ப வேண்டும். அனுப்பியவர் திருப்பி வாங்க மறுத்தால் நஷ்டம் கடையோடு நிற்கும். அலமாரியில் மிஞ்சிய போத்தல்களை அடுத்த வாடிக்கையாளர் தலையில் கட்ட வழியில்லை.