‘எனது’ அகன்றபின் ‘எங்களது’

துறவு என்பது யாது? ‘எனது’ என்னும் சொல்லை விடுவதே துறவு என்று சான்றோர் பலரும் ஒருமுகமாகக் கூறுவர். அஃது உண்மையே. ஆயினும் அவ்விடையின் பின்னே மற்றொரு வினா மறைந்து நிற்கின்றது. ‘எனது’ என்பதை விட்ட நூறு பேர் ஒன்றுகூடி ‘எங்களது’ என்று சொல்லத் தொடங்கினால், அந்தப் பற்று உண்மையில் விடப்பட்டதா? அன்றி, ஒரு வாயில் வழியே வெளியேறி மறுவாயில் வழியே உள்ளே புகுந்துகொண்டதா? இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதினும், அது கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்பட்டுக் கிடக்கும் ஓர் ஊரில் ஓர் இரவு தங்கி ஆராய்தல் நன்று. போர்ச்சுகல் நாட்டின் அல்கோபாசா அத்தகையதோர் ஊர்.

லிஸ்பன் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், அல்கோவா, பாசா என்னும் இரு சிற்றாறுகள் கூடுமிடத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. ஊர் சிறிது, மடம் பெரிது. 1989ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அம்மடத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. வருவோருள் பலர் பேருந்திலிருந்து இறங்கி, ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு விரைந்துவிடுவர். மடத்தின் அருகே ஒரு சிறு விடுதியில் அறை எடுத்துத் தங்கி, கூட்டம் கலைந்தபின் அந்த நீண்ட வெண்சுவரை நோக்கி நிற்பவர்க்கே அவ்வூர் தன் கதையைச் சொல்லும்.

இரண்டு கறிகள், ஓர் எழுதுகோல்

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்னும் துறவி, மடத்தில் வாழ்வோர்க்கு ஓர் ஒழுக்க நூல் வகுத்தார். மேனாட்டுக் கிறித்துவத் துறவிகளிற் பெரும்பாலோர் பல நூற்றாண்டுகளாக அதனையே பின்பற்றினர். அந்நூலின்படி துறவி ஒருவர் தமக்கென எதனையும் உடைமையாகக் கொள்ளலாகாது. புத்தகமும் ஆகாது, எழுதுகோலும் ஆகாது. எவரேனும் படுக்கையின் கீழ் எதையேனும் ஒளித்து வைத்துள்ளனரா என்று மடத்தின் தலைவர் அவ்வப்போது சோதிக்க வேண்டும். உணவுக்குச் சமைத்த கறிகள் இரண்டு போதும்; ஒன்று ஒவ்வாதவர் மற்றொன்றை உண்ணலாம் என்பதற்காகவே அந்த இரண்டும். நாற்கால் விலங்குகளின் ஊன், நோயால் மிக மெலிந்தவர்க்கன்றிப் பிறர்க்கு விலக்கப்பட்டது. மீன் விலக்கப்படாமையால், நம் நோக்கில் இது நிறைவான கொல்லாமை ஆகாது. ஆயினும் நாவை அடக்க முயன்றோர் இவர் என்பதை நாம் மதித்தல் வேண்டும்.

காலப்போக்கில் இவ்வொழுக்கம் தளர்ந்தது. அதனைக் கண்டு வருந்திய சிலர் 1098ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் சீத்தோ என்னுமிடத்தில் புதிய மடம் ஒன்றை நிறுவினர். அவர் வழிவந்தோரே சிஸ்டர்சியர். தொடக்கத்தில் அவர்கள் வாரமும் வரியும் பெறமாட்டோம், பண்ணையடிமைகளின் உழைப்பில் உண்ணமாட்டோம், எம் கையால் உழைத்தே உண்போம் என்று உறுதி பூண்டனர். கோயிலில் சிற்ப அலங்காரமும் வண்ணக் கண்ணாடியும் வேண்டா என்றனர்.

போர்ச்சுகல்லின் முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கேசு, 1153ஆம் ஆண்டில் இச்சிஸ்டர்சியர்க்கு அல்கோபாசா நிலத்தை வழங்கினார். 1147இல் மூர்களிடமிருந்து சாந்தரேம் நகரை வென்றால் இக்கொடையை அளிப்பதாக அவர் நேர்ந்துகொண்டார் என்பது அந்நாட்டு மரபுக்கதை. கதை எவ்வாறாயினும், கொடுத்தது அரசு. கொடுக்கப்பட்டது போரில் வென்ற நாடு. 1178இல் திருப்பணி தொடங்கி, 1252இல் பெருங்கோயில் நிறைவுற்றது. 100 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், ஏறத்தாழ 20 மீட்டர் உயரமும் உடைய அதன் உள்மண்டபத்தில் வெறுங்கல்லும் வெளிச்சமுமே உள்ளன. கண்ணைக் கவரும் பொருள் ஒன்றும் இல்லாமையே அதன் அழகு. எதையும் வேண்டாதார் கட்டிய இடம் என்பதை, மொழி அறியாதவரும் அங்கே உணர்வர்.

குறுகிய வாயில்

கோயிலிலிருந்து உள்ளே சென்று உணவுக்கூடத்தை அடைந்தால் காட்சி மாறத் தொடங்கும். கூடத்தின் சுவரிலேயே படிகளோடு கூடிய கல்மேடை ஒன்று உண்டு. ஏனையோர் வாய்பேசாது உண்ணுகையில் ஒருவர் அதில் ஏறி நின்று மறைநூல் படிப்பார். நாவுக்கு உணவு செல்லும்போதே செவிக்கும் உணவு செல்ல வேண்டும் என்பது கருத்து. இதுவரை எளிமையே.

அடுத்து இருப்பது 18ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்ட சமையலறை. அதன் நடுவே ஓடுகள் பதித்த புகைபோக்கி ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது. அல்கோவா ஆற்றின் நீரை ஒரு வாய்க்கால் வழியே அந்த அறைக்குள்ளேயே கொண்டுவந்துள்ளனர். 1794இல் அங்குச் சென்ற ஆங்கில எழுத்தாளர் வில்லியம் பெக்ஃபோர்டு, அச்சமையலறையின் செழிப்பை வியப்பும் எள்ளலும் கலந்து விவரித்துள்ளார். அவர் நூல் வெளிவந்தது 1835இல். நாற்பதாண்டு கடந்த நினைவாதலின் மிகை சற்று இருக்கலாம். ஆனால் புகைபோக்கி மிகையன்று, இன்றும் நிற்கின்றது. இரண்டு கறிகள் சமைக்க அத்துணைப் பெரிய அடுப்பு எதற்கு?

உணவுக்கூடத்தில் மிகக் குறுகிய வாயில் ஒன்று உண்டு. ஒல்லியான மனிதர் ஒருவர் பக்கவாட்டில் திரும்பினால் மட்டுமே நுழையலாம். உடல் பருத்து அவ்வழியே புக இயலாத துறவி, புகும் அளவுக்கு இளைக்கும் வரை பட்டினி கிடக்க வேண்டும் என்பது வழக்கமாம். வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. வரலாறு என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் கதைக்குள் ஓர் உண்மை உண்டு. அந்த வாயில் துறவி ஒவ்வொருவரின் உடலையும் அளந்தது. மடத்தின் உடலை அளக்க ஒரு வாயில் இல்லை. மடமோ பருத்துக்கொண்டே சென்றது. ஏறத்தாழ 44,000 ஹெக்டேர் நிலமும், பல ஊர்களும், கடற்கரைத் துறைமுகமும் அதன் ஆட்சிக்குள் வந்தன. எழுதுகோலும் தமதன்று என்றவர்கள், கூட்டாக ஒரு சிற்றரசுக்கு உரியவர்களாயினர். அதற்காக அவருள் ஒருவரும் உறுதிமொழி தவற வேண்டியிருக்கவில்லை என்பதே இதில் வியப்பு. ஒவ்வொருவராக எண்ணினால் எல்லோரும் ஏழைகள். ஒன்றாக எண்ணினால் நாட்டின் பெருஞ்செல்வர்.

குற்றம் மட்டும் கூறுதல் நேர்மையாகாது. அத்துறவிகள் நிலத்தைத் திருத்தினர். உழவர்க்குப் பயிர்த்தொழில் நுட்பங்களைக் கற்பித்தனர். 1269இல் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் படியெடுத்துக் காத்த 400க்கு மேற்பட்ட சுவடிகள் இன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளன. பொதுச்செல்வம் இல்லையேல் இவை நிகழ்ந்திரா. எனவே ‘எங்களது’ என்னும் சொல்லே தீயது என்று தள்ளிவிட இயலாது. அதற்கு எல்லை இல்லாமைதான் தீது. எல்லையற்ற ‘எங்களது’ நெடுநாள் ‘எங்களது’ ஆகவே இருப்பதில்லை. வலியவர் ஒருவரின் ‘எனது’ ஆகிவிடும். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அம்மடத்தின் தலைமை, அதன் வருவாயைத் துய்ப்பதற்கென வெளியார்க்கு வழங்கப்படலாயிற்று. மன்னர் குடும்பத்துக் கர்தினால்களும் அவ்வாறு தலைவராயினர். அவருள் என்ரிக்கே என்பவர் 1578இல் போர்ச்சுகல்லின் மன்னராகவே முடிசூடினார். இறுதியில், 1834இல் அந்நாட்டின் ஆண்துறவிகளின் மடங்கள் அனைத்தும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் உடைமைகள் அரசுடைமையாயின. ‘எனக்கு வேண்டா’ என்று தொடங்கிய செல்வம், எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஏட்டில் ஒரு கணக்காக முடிந்தது.

இன்று ஊரின் கடைகளில் ‘மடத்து இனிப்புகள்’ அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. முட்டையின் மஞ்சட்கருவும் சர்க்கரையும் கலந்து செய்யப்படுவன ஆதலின் அவை நம்மவர் உண்ணத் தகாதவை. அங்குச் செல்வோர் கேட்டறிந்து வாங்குதல் வேண்டும். சுருங்க உண்பதற்கு உறுதி பூண்டோரின் பெயர் இனிப்புக் கடைகளில் வாழ்வதைக் காணும்போது, காலத்தின் நகைப்பு நம் செவியில் விழாமற் போகாது. மடத்தின் ஒரு பகுதியே 2022இல் உயர்தர விடுதியாகத் திறக்கப்பட்டுள்ளது.

விடுதி அறை கற்பிப்பது

பயணி தன் சிறு விடுதிக்குத் திரும்புகின்றான். அங்கே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு வெண்ணிறத் துவாலைகள், மடத்தை நோக்கிய ஒரு சாளரம். இவற்றுள் ஒன்றும் அவனுடையதன்று. விடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். ஒரு வகையில் அந்த இரவு அவனும் துறவியே. அனைத்தையும் பயன்கொள்கின்றான், எதற்கும் உரியவன் அல்லன்.

ஆனால் அந்த அறையில் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம்? வீட்டில் ஒரு வாளி நீரில் குளிப்பவர், விடுதியில் வெந்நீரை அரைமணி நேரம் திறந்துவிடுகின்றார். வீட்டில் விளக்கை அணைக்காத பிள்ளையைக் கடிபவர், விடுதியில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு வெளியே செல்கின்றார். ஒருமுறை கை துடைத்த துவாலையைத் தரையில் எறிகின்றார். ‘பணம் கொடுத்திருக்கின்றோமே’ என்பது அவர் விடை. கொடுத்த பணம் தங்குவதற்கே அன்றி வீணாக்குவதற்கு அன்று. அந்தத் துவாலையைத் துவைக்க ஒருவர் உடல் வருந்த வேண்டும். நீரிலும் உயிர் உண்டென்று கற்ற நாம், அவ்வாறு நீரை ஓடவிடலாமா?

ஆகவே ‘இஃது எனதன்று’ என்னும் உணர்வு மட்டும் அறமாகிவிடாது. அவ்வுணர்வு இருவழியும் செல்லும். ‘எனதன்று, ஆதலால் எனக்குக் கவலையில்லை’ என்பது ஒரு வழி. ‘எனதன்று, ஆதலால் எனக்குப் பொறுப்பு மிகுதி’ என்பது மற்றொரு வழி. பெனடிக்டின் ஒழுக்க நூல் இதனை நன்கு அறிந்திருந்தது. மடத்தின் பண்டசாலையைக் காப்பவர் அங்குள்ள பானை சட்டி முதலிய யாவற்றையும் வழிபாட்டுக்குரிய புனிதக் கலங்களைப் போலவே கருத வேண்டும் என்று அது விதித்தது. மண்வெட்டியை அழுக்கோடு வைப்பவரும் கண்டிக்கப்படுவர். உரிமையை நீக்கிய அந்நூல் பொறுப்பை நீக்கவில்லை. உரிமை போன இடத்தில் அதனை இருமடங்காக வைத்தது. பானைக்குப் புனிதம் கற்பித்த அந்நூலின் கருத்தை மடத்தின் எல்லைக்கற்களுக்கும் விரித்திருந்தால், அல்கோபாசாவின் கதை வேறாகியிருக்கும்.

நமக்குரியது

அன்பர்களே! துறவோர்க்கு முழுமையான உடைமையின்மையையும், இல்லறத்தார்க்குப் பொருள் வரைதலையும் நம் முன்னோர் தனித்தனியே வகுத்தனர். இல்லறத்தானிடம் ‘ஒன்றும் வேண்டா’ எனச் சொல்லும்படி அவர்கள் கேட்கவில்லை. ‘இவ்வளவு போதும்’ என்று ஒரு கோடு கிழிக்கும்படியே கேட்டனர். மேலும், பொருளின்பாற் செல்லும் மயக்கமே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுத்தது. பொருள் யார் பெயரில் இருக்கின்றது என்பதை அவ்வரையறை கேட்கவில்லை; உள்ளம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றது என்றே கேட்கின்றது.

இந்த வினாவுக்கு முன் நாமும் நிற்க வேண்டியவர்களே. ‘எனக்கென்ன வேண்டும்? எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்’ என்று கூறிச் சேர்க்கும் தந்தை பொய் சொல்லவில்லை. தாம் பழைய செருப்பையே அணிகின்றார். ‘எல்லாம் சங்கத்துக்காக’ என்று நிதி திரட்டுபவரும் தமக்கென ஒரு காசும் எடுப்பதில்லை. அவ்வகையில் இருவரும் தூயவரே. ஆயினும் பற்று அவர்களை விட்டு நீங்கிற்றா, அன்றிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டதா? தனக்காகச் சேர்ப்பவனை என்றேனும் வெட்கம் தடுத்து நிறுத்தும். பிறர்க்காகச் சேர்ப்பதாக எண்ணுபவனை எது நிறுத்தும்? தன்னலம் தன் முகத்தோடு வரும்போது அடையாளம் கண்டுகொள்கின்றோம்; தியாகத்தின் ஆடை உடுத்தி வரும்போது எழுந்து நின்று வணங்கிவிடுகின்றோம்.

அதற்காகக் குடும்பத்துக்குப் பொருள் வேண்டா என்பதோ, பொதுப்பணிக்கு நிதி கூடாது என்பதோ முடிவன்று. பள்ளியும் நூலகமும் வெறுங்கையால் எழா. தனிமனிதனுக்கு வகுத்த அளவைக் குடும்பத்துக்கும், நிறுவனத்துக்கும், ‘நாம்’ என்று சொல்லும் எல்லாக் கூட்டத்துக்கும் வகுத்தல் வேண்டும் என்பதே முடிவு. எந்தப் பணிக்கு, எவ்வளவு, எதுவரை என்பதைச் சேர்க்கத் தொடங்கும் முன்னரே வரைந்துகொள்ள வேண்டும். மிகுந்தது எங்கே செல்லும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். செல்வம் வந்து நிறைந்தபின் கிழிக்கும் கோடு, அச்செல்வத்தின் ஓரத்துக்கு அப்பாலேயே விழும்.

உடலை அளக்கும் வாயில்கள் நம்மிடம் பல உண்டு. நோன்பும், இரவுண்ணாமையும் அத்தகையனவே. அவற்றை நாம் குறைவின்றிப் போற்றி வருகின்றோம். இல்லங்களின் உடைமையையும், நிறுவனங்களின் இருப்பையும் அளக்கும் குறுகிய வாயில் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் தன் கையாலேயே கட்டிக்கொள்ளுமாக.