வாசலில் நின்ற தங்கை

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவரிடையே, அறிமுகமான இரண்டாம் நாளே எழும் கேள்வி ஒன்றுண்டு: "உங்களுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்?" பெரும்பாலோர் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவர். கண நேரம் தயங்கி, பிறகு சொல்வோரும் உளர். தந்தைக்கு வேறொரு குடும்பமும் இருந்த வீடுகளில் பிறந்தவர்கள் அவர்கள். அந்தத் தயக்கத்தைப் பற்றியே ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

இவ்வெண்ணத்தைத் தூண்டியது ஒரு ஜப்பானியத் திரைப்படம். ஹிரோகாசு கொரே-எடா இயக்கி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'உமிமாச்சி டயரி' என்பது அதன் பெயர். கடற்கரை ஊரின் நாட்குறிப்பு என்று நாம் பொருள் கொள்ளலாம். அகிமி யோஷிதா என்னும் பெண்மணி 2006 முதல் 2018 வரை தொடராக வரைந்த படக்கதையே அதற்கு மூலம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் அப்படத்தில் அடிதடி இல்லை, கூக்குரல் இல்லை. நீத்தார் சடங்குகளும், சமையலும், சாப்பாடும், நான்கு பருவங்களும் மாறி மாறி வருகின்றன. பொறுமையற்றோர் பாதியில் எழுந்து போய்விடக் கூடும்.

கதை இதுதான். டோக்கியோவுக்குத் தெற்கே கமகுரா என்னும் பழைய கடற்கரை ஊரில், பாட்டி விட்டுச் சென்ற மர வீட்டில் மூன்று சகோதரியர் வாழ்கின்றனர். மூத்தவள் சச்சி மருத்துவமனைச் செவிலி. அடுத்தவள் யோஷினோ வங்கி ஊழியை. இளையவள் சிக்கா கடையொன்றில் வேலை செய்பவள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தந்தை வேறொரு பெண்ணை நாடி வீட்டை விட்டுப் போய்விட்டார். பின்னர்த் தாயும் மறுமணம் செய்துகொண்டு அகன்றாள். தங்கையரை வளர்த்தவள் சச்சியே. தந்தை இறந்த செய்தி வடக்கே யமகதாவிலிருந்து வருகிறது. அங்கே சென்ற இடத்தில்தான் சுசு என்னும் பதின்மூன்று வயதுப் பெண்ணைக் காண்கின்றனர். எந்தப் பெண்ணுக்காகத் தந்தை இவர்களை விட்டுப் போனாரோ, அவளுடைய மகள். அவளும் இறந்துவிட்டாள். தந்தையின் மூன்றாம் மனைவியின் நிழலில், ஒட்டும் ஒட்டாமலும் இருக்கிறாள் சுசு.

ஊர் திரும்பும் நேரத்தில், புகைவண்டி நிலைய மேடையில், "எங்களுடன் வந்து இருக்கிறாயா?" என்று சச்சி கேட்கிறாள். கதவு மூடும் தறுவாயில், "வருகிறேன்" என்கிறாள் சிறுமி. அவ்வளவே.

இதைக் கேட்டவுடன், "பெற்றோர் செய்த பிழைக்குப் பிள்ளை என்ன செய்யும்?" என்று நம்மில் எவரும் சொல்லிவிடுவோம். சரியான சொல்தான், ஆனால் மிக மலிவாகக் கிடைக்கும் சொல். பிள்ளைமேல் குற்றமில்லை என்று ஒப்புக்கொள்வதற்கும், அப்பிள்ளைக்கு நம் வீட்டில் ஓர் இலை போடுவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

இந்தத் தொலைவை நான் அலுவலகத்திலும் கண்டிருக்கிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், ஓய்வூதியக் கோப்புகளின் நடுவே நாளைக் கழிக்கும் எழுத்தன் நான். ஒரே பெயரின்கீழ் இரண்டு குடும்பங்கள் விண்ணப்பித்த கோப்புகளும் மேசைக்கு வரும். சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பதினாறாம் பிரிவில், செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே என்கிறது. 2023 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று, கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்கு உரிய பங்கிலும் அப்பிள்ளைக்கு உரிமை உண்டு என்று உறுதி செய்தது. ஆயினும் அதே பிரிவு ஓர் எல்லையையும் இடுகிறது: பெற்றோர் சொத்தில் மட்டுமே உரிமை; பிற உறவினர் எவருடைய சொத்திலும் இல்லை. நான் பலமுறை படித்தும் நினைத்துப் பாராத ஒன்று இதில் இருக்கிறது. சட்டம் அவளை மகளாக்குகிறது, தங்கையாக்கவில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் அக்காமார் மட்டுமே.

நம் காப்பியத்தில் இக்கேள்வி முன்னமே எழுந்திருக்கிறது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் மணிமேகலை. கண்ணகிக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் மணிமேகலைக் காப்பியத்தில், தன் மகளை ஆடலுக்கு அனுப்ப மறுக்கும் மாதவி, அவளைக் கண்ணகியின் மகள் என்றே குறிப்பிடுகிறாள். பெற்றவளே தன் மகளை, தன்னால் துயருற்றவளுக்கு மகளாக்குகிறாள். அம்மகளும் பின்னாளில் வஞ்சி நகர் சென்று, கண்ணகியின் படிமத்தைத் தாயென்றே தொழுகிறாள். படிமமும் அவளுக்கு விடை தருகிறது. அவ்வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் வழக்காடட்டும். எல்லைப்புறத்தில் பிறந்த எங்களுக்கு இரு திசையும் சொந்தமே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவி அவ்வாறு சொல்லும்போது கண்ணகி உயிருடன் இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதைச் சாத்தனார் நமக்குக் காட்டவில்லை. ஜப்பானியப் படத்திலும் இதே இடம் வெற்றிடமாக இருக்கிறது. சுசுவின் தாய் முன்பே இறந்துவிடுகிறாள். அவள் உயிருடன் அந்த மேடையில் மகளுக்கு அருகே நின்றிருந்தால் சச்சியின் வாயிலிருந்து அந்த அழைப்பு எழுந்திருக்குமா? படம் அதனைத் தவிர்த்துவிட்டது. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

படத்தின் மேன்மை வேறிடத்தில் உள்ளது. அழைப்பு முதற்சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு நிகழ்வதே கதை. கமகுராவில் சிராசு என்னும் பொடி மீன் உணவு பெயர் பெற்றது. அக்காமார் அதைப் பரிமாற, முதன்முறையாக உண்பதாகச் சொல்கிறாள் சுசு. அது பொய். தந்தை அதை அவளுக்குப் பலமுறை செய்து கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி இவர்கள் முன் எப்படிப் பேசுவது? இவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட தந்தை அல்லவா அவளுக்குக் கிடைத்தவர்! உண்ட சுவையையும் மறைக்க வேண்டிய நிலையில் ஒரு குழந்தை இருக்குமாயின், அவ்வீட்டில் அவள் இன்னும் விருந்தினளே. எவ்வளவு அன்புடன் பரிமாறினாலும் அது தயவாகவே நிற்கிறது, உறவு ஆகவில்லை.

அது எப்போது உறவாகிறது? மனைவி உள்ள ஒருவரை நேசித்தது தன் தாயின் தவறு என்று சுசு ஒருநாள் சச்சியிடம் மன்னிப்புக் கேட்கிறாள். சச்சியோ, அவ்வேளையில், மனைவி உள்ள ஒரு மருத்துவரை நேசித்துக்கொண்டிருப்பவள்! தீர்ப்புச் சொல்லும் இருக்கையிலிருந்து அவள் இறங்க வேண்டியதாகிறது. பின்னர் இருவரும் மலைமேல் நின்று, ஒருத்தி தந்தையையும் மற்றவள் தாயையும் வாய்விட்டு ஏசுகின்றனர். பெற்றவரை நிந்திக்கலாமா என்று நம் மூத்தோர் முகம் சுளிப்பர். எனக்கோ, தந்தையை ஏசும் உரிமையைப் பகிர்ந்துகொண்ட பின்னரே அவரை நினைக்கும் உரிமையும் அவர்களுக்குப் பொதுவாயிற்று என்று தோன்றியது. வீட்டுத் தூணில் அக்காமாரின் உயரத்தைக் குறித்த பழைய கீறல்கள் உண்டு. அவற்றோடு சுசுவின் உயரமும் குறிக்கப்படும்போது, அதில் வியப்பதற்கு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மேற்சொன்னவற்றை எழுதியிருப்பது நேர்மையன்று.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலுள்ள பெருமாட்டி எங்கள் ஊர். வரப்பெல்லாம் பனை, கணவாய்க் காற்று ஓயாது வீசும். 1989இல் என் தாய்வழிப் பாட்டனார் காலமானபோது எனக்குப் பத்து வயது. உடலைத் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். களத்து மேட்டின் ஓரத்துப் புளிய மரத்தடியில் ஒரு பெண்மணியும், பதினான்கு வயதிருக்கும் ஒரு சிறுமியும் வந்து நின்றனர். மீனாட்சிபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் பெரியம்மா ஒரு வெண்கலத் தம்ளரில் மோர் கொடுத்து என்னை அனுப்பினார். "உள்ளே வாருங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. "போங்கள்" என்றும் சொல்லவில்லை. உடல் புறப்பட்ட பின் பார்த்தேன்; அவர்கள் இல்லை. தம்ளரைக் கழுவி, கல்லின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என் தாயாரும் பெரியம்மாவும் கல்நெஞ்சர் அல்லர். ஊரில் எவருக்கு நோய் என்றாலும் கஞ்சியோடு ஓடுகிறவர்கள். தங்கள் தாய் பட்ட பாட்டை அருகிருந்து கண்டவர்கள். அன்று புளிய மரத்தடியில் சிறுமி மட்டும் நின்றிருந்தால் ஒருவேளை அழைத்திருப்பார்கள். அருகில் அவளுடைய தாயும் நின்றாள். கொரே-எடா தவிர்த்த காட்சி எங்கள் களத்து மேட்டில் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்று எழுத்து மேசையில் அமர்ந்துகொண்டு அவர்கள்மீது குற்றம் சாட்ட எனக்கு மனம் வரவில்லை. குற்றமே இல்லை என்று எழுதவும் கை வரவில்லை.

பெரியம்மா இப்போது இல்லை. எழுபத்தாறு வயதான என் தாயார் சென்ற கோடையில் எங்களோடு வந்து தங்கியிருந்தபோதுதான் இப்படத்தைப் பார்த்தோம். ஆங்கில எழுத்துகளைப் படித்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்குமேல் சொல்ல வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார். முடியும்வரை எதுவும் பேசவில்லை. அன்றிரவு உண்ட தட்டைக் கழுவப் போனவர் திரும்பி வந்து கேட்டார்:

"ஏங் கண்ணு, அந்தப் புள்ள பேரு என்னன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

படத்தில் வரும் பெண்ணைக் கேட்கிறார் என்று எண்ணி, "சுசு" என்றேன்.

"அதில்லை" என்றார் அம்மா.