ஒன்பது பேரின் மதிப்பு

கிறிஸ்தவ உபதேசத்திலே மனிதனுடைய மதிப்பைப் பற்றிப் பேச எழும் பிரசங்கியார் பெரும்பாலும் கிரயக் கணக்கிலிருந்தே தொடங்குவார். ஒரு பொருளுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டதோ அவ்வளவே அதன் பெறுமதி. மனிதனை மீட்கத் தேவகுமாரனுடைய இரத்தமே சிந்தப்பட்டது. ஆகையால் மனித ஆன்மா விலைமதிக்க முடியாதது என்று அந்த நியாயம் நடக்கும். கேட்க இனிமையான நியாயந்தான். ஆனால், பெறுமதி முன்னரே இருந்ததனால் அவ்வளவு கொடுக்கப்பட்டதா, அவ்வளவு கொடுக்கப்பட்டதனால் பெறுமதி உண்டாயிற்றா என்று சற்றே நின்று கேட்பவனுக்கு அந்தக் கணக்கில் விடை கிடைப்பதில்லை. கிறிஸ்து மரித்தது நல்லவர்களுக்காக அன்று, பாவிகளுக்காகவே என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் வாதிப்பதைப் பார்த்தால், தகுதியை எடைபோட்டு நடந்த வியாபாரம் எதுவும் அங்கே இல்லையென்பது மட்டும் நிச்சயமாகிறது.

இந்தக் கணக்கை மிகுந்த புத்திக்கூர்மையோடு எழுதிவைத்தவர் கான்டர்பரி பேராயர் அன்செல்ம். இங்கிலாந்து அரசனோடு பிணங்கி நாடு நீங்கி இத்தாலியில் தங்கியிருந்த காலத்தில், 1098இல், ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்னும் நூலை அவர் முடித்தார். மனிதனைச் சிறைப்பிடித்திருந்த சாத்தானுக்கே மீட்புத்தொகை செலுத்தப்பட்டது என்று அதுவரை பலர் சொல்லிவந்த கொள்கையை அவர் தள்ளிவிட்டார். பாவத்தினால் கடவுளுடைய மகிமைக்கு நேர்ந்த குறை ஒரு கடன். அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவன் மனிதன், தீர்க்க வல்லவர் கடவுள் ஒருவரே. ஆதலின் இரு சுபாவங்களும் பொருந்திய ஒருவர் வேண்டியதாயிற்று என்பது அவர் முடிபு. அடுத்த தலைமுறையில் அபெலார்டு இதற்கு உடன்படாமல், சிலுவை மனிதனுள் அன்பை மூட்டும் அன்பின் பிரத்தியட்சம் என்றார். இருவரும் மேதைகள். அவர்களுடைய வழக்கை ஏட்டிலே தீர்ப்பதினும், மனித மதிப்பே அடியோடு மறுக்கப்பட்ட ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது நலம்.

1941ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த போலந்தின் ஆவுஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதியைக் காணவில்லை. தப்பியோடிவிட்டான் என்று கருதிய துணைத் தளபதி ஃபிரிட்ஷ், அதற்குத் தண்டனையாக, அவனோடு தங்கியிருந்தவர்களில் பத்துப் பேரைப் பட்டினியால் சாகும்படி தேர்ந்தெடுத்தான். அவர்களில் ஒருவரான கயோவ்னிசெக் என்னும் போலந்துப் படைவீரர், மனைவி மக்களை நினைத்து வாய்விட்டு அலறினார். அப்போது 16670 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு கைதி வரிசையை விட்டு முன்வந்து, தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், அந்த மனிதனுக்குப் பதிலாகத் தம்மை அனுப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பிரான்சிஸ்கன் துறவியான மாக்சிமிலியன் கோல்பேதான் அவர், வயது 47. வேண்டுகோள் ஏற்கப்பட்டது.

ஏன் ஏற்கப்பட்டது என்பதை யோசிக்கவேண்டும். இரக்கத்தினால் அன்று. முகாமுக்கு வேண்டியது பத்து என்ற தொகை. அந்தத் தொகைக்குள் எவன் இருந்தாலும் கணக்குச் சரியாகிவிடும். ஒரு மனிதனுக்கும் மற்றொரு மனிதனுக்கும் பேதமே இல்லாதபடி எல்லோரும் சூனியமாக எண்ணப்பட்ட இடத்தில்தான் அத்தனை எளிதாக ஒருவருக்கு ஒருவரை மாற்றிவிட முடியும். கோல்பேயோ அதே மாற்றத்தை நேர் எதிரான கணக்கிலிருந்து கேட்டார்: அழுதுகொண்டிருந்த அந்த ஒருவர், வேறெவராலும் ஈடுசெய்ய இயலாத கணவராகவும் தகப்பனாகவும் அவர் கண்ணுக்குப் பட்டார். ஒரே செயல், கொலைகாரனும் குருவும் அதில் சம்மதித்தார்கள், சம்மதித்த காரணங்களோ வானமும் பாதாளமும்.

கோல்பேயைக் குறைகளே இல்லாத மனிதராக ஆக்கிவிடத் தேவையில்லை. போருக்கு முன் அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த பத்திரிகைகளில் யூதர்மீது துவேஷம் தொனிக்கும் எழுத்துக்கள் இடம்பெற்றதுண்டு. போர் மூண்டபின் அவருடைய மடத்தில் அடைக்கலம் பெற்றவர்களில் யூதர்களும் இருந்ததுண்டு. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைப்பதுதான் நேர்மை. அந்தத் தியாகத்தின் பலனையும் பெருக்கிச் சொல்வதற்கில்லை. கயோவ்னிசெக் பிழைத்தார், 1995 வரையில் வாழ்ந்தார், மனைவியை மீண்டும் கண்டார். ஆனால் எந்தப் பிள்ளைகளை நினைத்து அலறினாரோ அந்தப் புதல்வர் இருவரும் போரின் கடைசிக் காலத்தில் குண்டுவீச்சுக்கு இரையாகிவிட்டிருந்தார்கள். பலனைக்கொண்டு தியாகத்தை அளப்பவர்களுக்கு இந்தச் செய்தி பெரிய சங்கடம்.

எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் மற்ற ஒன்பது பேர். அவர்களுக்குப் பதிலாக ஒருவரும் முன்வரவில்லை. பதிலுக்குப் பதில் என்ற கணக்கோடு மீட்பு முடிந்துவிடுமானால், அந்தப் பட்டினியறையில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? அங்கே பணிக்கு விடப்பட்டிருந்த ஒரு கைதி போருக்குப் பின் அளித்த சாட்சியத்தின்படி, சாபங்களும் கூக்குரலும் எழவேண்டிய அந்த அறையிலிருந்து ஜெபமும் பாடலும் கேட்டுக்கொண்டிருந்தன. குருவானவர் ஒவ்வொருவராக ஆறுதல் சொல்லி, அவர்கள் ஒவ்வொருவராக இறக்கும்வரை உடனிருந்தார். இரண்டு வாரங்கள் கடந்தபின் உயிரோடு எஞ்சியிருந்த நால்வரை, கோல்பே உட்பட, கார்பாலிக் அமில ஊசியினால் கொன்றார்கள். அன்று ஆகஸ்டு 14. அந்த ஒன்பது பேரின் விதியில் அணுவளவும் மாற்றமில்லை. ஆயினும், வராமல் இருந்திருக்கக்கூடிய ஒருவர் தாமாகவே வந்து தங்களுடைய மரணத்திற்குள் இறங்கினார் என்பதை அவர்கள் கண்டார்கள். அன்செல்மின் தருக்கம் கயோவ்னிசெக்குக்கு நடந்ததை விளக்குகிறது. இந்த ஒன்பது பேருக்கு நடந்ததை விளக்க அதற்கு வகையில்லை. கொல்கொதாவிலே இயேசுவின் பக்கத்தில் அறையப்பட்டிருந்த கள்வனும் சிலுவையிலிருந்து இறக்கிவிடப்படவில்லை என்பதைச் சுவிசேஷத்தை வாசிப்பவர்கள் ஏனோ கவனியாமல் போகிறார்கள். அவனோடு பேசியவர் அவனுடைய தண்டனையையே அனுபவித்துக்கொண்டிருந்தார். அவனுக்குக் கிடைத்த கௌரவம் அதில்தான் ஆரம்பிக்கிறது. மனுஷாவதாரம் என்று சபை சொல்வதன் பெரும்பகுதி இந்த உடனிருத்தலே என்றும், கிரயக் கணக்கு அதன் ஓர் அங்கமே என்றும் நான் எண்ணுகிறேன்.

விசுவாசத்தின்மேல் உள்ள பகையினால் கொல்லப்பட்டவரே வேதசாட்சி என்பது சபையின் பழைய இலக்கணம். ஃபிரிட்ஷுக்கு அன்று வேண்டியிருந்தது தொகை ஒன்றே. கோல்பேயின் விசுவாசத்தை அவன் விசாரிக்கவில்லை. எனவே 1971இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது, வேதசாட்சிகள் வரிசையில் அவரைச் சேர்க்கவில்லை. 1982 அக்டோபர் 10ஆம் நாள், கயோவ்னிசெக்கும் வந்திருந்த பெருங்கூட்டத்தில், இரண்டாம் யோவான் பவுல், ஆராய்ந்தவர்களின் கருத்து வேறாக இருந்தும், அவரை வேதசாட்சி என்றே அறிவித்தார். இலக்கணம் வழுவியது என்று சட்டம் அறிந்தவர்கள் குறைகூறலாம். மனிதனுடைய மரணத்திற்குள் கடவுளே இறங்கி வந்தார் என்பது விசுவாசமானால், மனிதனைத் தொகையாக்கும் பகை அந்த விசுவாசத்தின்மேல் உள்ள பகையாகாமல் வேறென்ன என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அந்த வரிசையில் மற்ற ஒன்பது பேருக்கும் இடம் கேட்கவேண்டியிருக்கும். அதற்கு எந்தப் பட்டமளிப்பிலும் வழி ஏற்பட்டிருக்கவில்லை.